பேஸ்பால் நாற்றங்கால்: மைனர் லீக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பார்க்கத் தொடங்கும் நண்பர்கள் முதல் சீசன் முடிவதற்குள் கேட்டுவிடும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: பந்தை எறிபவர் பிட்சர், அடிப்பவர் பேட்டர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர்.

ஃபார்ம் சிஸ்டம் என்றால் என்ன?

அமெரிக்கா, கனடாவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகில் 30 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்புக்கும் கீழே, பெரும்பாலும் சின்ன ஊர்களில், படிப்படியாகச் சில அணிகள் இருக்கும். அவைதான் மைனர் லீக் அணிகள். ஊர் அணியின் மைதானம், டிக்கெட், பாப்கார்ன் வியாபாரம் எல்லாம் பெரும்பாலும் தனி முதலாளியுடையது. ஆடும் பையன்களும் கோச்சுகளும் மட்டும் மேலே இருக்கும் கிளப்பின் ஆட்கள். சம்பளமும் அங்கிருந்துதான் வரும். ரஞ்சி அணி மாநிலச் சங்கத்துக்குச் சொந்தம், அதில் ஆடுபவரை எந்த ஐபிஎல் அணியும் ஏலம் கேட்கலாம். இங்கே அந்தக் கதை கிடையாது. யாங்கீஸ் கிளப்பின் டபுள்-ஏ (மைனர் லீக் படிகளில் ஒன்று) பையன் யாங்கீஸின் பையன்தான்.

ஃபார்ம் என்றால் பண்ணை. எனக்கென்னவோ நாற்றங்கால் என்ற சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. நெருக்கமாக விதைத்து, முளைத்ததைப் பிடுங்கி, வேறு வயலில் கொண்டுபோய் நடுகிறார்கள்.

யார் தொடங்கியது?

பிராஞ்ச் ரிக்கி. 1919 வாக்கில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்பை நடத்திக்கொண்டிருந்தார், கிளப்பிடம் காசில்லை. அப்போதெல்லாம் மைனர் லீக் அணிகள் தனிக்கடை வியாபாரிகள். நல்ல பையன் ஒருவனை வளர்த்து, அதிக விலை கொடுக்கும் கிளப்புக்கு விற்றுவிடுவார்கள். ரிக்கிக்கு ஆளைப் பார்த்து எடைபோடும் கண் உண்டு. அதனாலேயே வம்பு: ரிக்கி ஒரு பையனை விசாரிக்கிறார் என்று தெரிந்தாலே விலை ஏறும், பணக்காரக் கிளப் ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போகும்.

வாங்க முடியாவிட்டால் வளர்த்துக்கொள்வோம் என்று ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித், சிராக்யூஸ் அணிகளில் பங்கு வாங்கினார். பையன்களை நூற்றுக்கணக்கில், மலிவாகச் சேர்த்தார். நிறைய விதைத்தால் சில தேறும் என்பதுதான் கணக்கு. மேஜர் லீகுக்குள் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு; இரண்டின் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்தான் உலகத் தொடர். 1926-இல் கார்டினல்ஸ் முதன்முறையாக அதை வென்றது, அதுவும் யாங்கீஸைத் தோற்கடித்து. 1946 வரையிலான 21 ஆண்டுகளில் 9 முறை லீக் பட்டம், 6 முறை உலகத் தொடர். ஏழைக் கிளப்புக்கு இது சாதாரணமில்லை.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. பேஸ்பால் கமிஷனராக இருந்த நீதிபதி லாண்டிஸ், சிற்றூர் அணிகள் பெரிய கிளப்பின் வேலைக்காரர்களாகிவிடும் என்று நினைத்தார். ஒரே லீகில் பல அணிகளை மறைமுகமாகக் கைக்குள் வைத்திருந்ததற்காக 1938-இல் கார்டினல்ஸின் 74 ஆட்டக்காரர்களை விடுவித்தார். அவர் பயந்தது நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ரிக்கியின் வழிதான் நிலைத்தது. மற்றக் கிளப்புகளும் அதையே பிடித்துக்கொண்டன.

ரிக்கி பிறகு புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போனார். கறுப்பர்களுக்கு மேஜர் லீகின் கதவு அடைத்திருந்த காலத்தில் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தவர் அவரே. நேராக புரூக்ளினில் இறக்கவில்லை. 1946 முழுக்கக் கனடாவின் மான்ட்ரியல் ராயல்ஸ் அணியில் ஆடவைத்தார். ராபின்சன் .349 சராசரியில் (ஆயிரம் வாய்ப்புக்கு 349 ஹிட் என்ற கணக்கு; ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் என்ற களத்து மூலையை எட்டுவது) அடித்து லீகின் பேட்டிங் பட்டத்தை எடுத்தார். 1947 ஏப்ரல் 15-இல் மேஜர் லீகில் இறங்கியபோது, இவருக்கு ஆடத் தெரியுமா என்று கேட்க யாருக்கும் வாயில்லை.

எத்தனை படிகள்?

2021-இல் மாற்றியமைத்த பிறகு நான்கு: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. கிளப்புக்கு நான்கு அணிகள், மொத்தம் 120. இவற்றுக்கும் கீழே ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் கிளப்புகளின் பயிற்சி வளாகங்களில் நடக்கும் காம்ப்ளக்ஸ் லீக் உண்டு. அதற்கும் கீழே டொமினிகன் சம்மர் லீக்.

படிகளின் குணம் ஒரே மாதிரி இருக்காது. உண்மையான சல்லடை டபுள்-ஏ. கீழே வெறும் வேகத்தால் ஜெயித்த பிட்சரும், வேகப்பந்தை மட்டும் அடித்து வாழ்ந்த பேட்டரும் அங்கே மாட்டிக்கொள்வார்கள். டிரிபிள்-ஏ ஒரு காத்திருப்பு அறை. மேலே யாருக்காவது தசை பிடித்துக்கொண்டால் அன்றிரவே விமானம் ஏறவேண்டியவர்கள் அங்கே இருப்பார்கள். அதனால் பையன்களோடு முப்பது தாண்டியவர்களையும் பார்க்கலாம்.

திறமை இருந்தால் நேராக மேலேயே ஆடவிட வேண்டியதுதானே?

செய்து பார்த்திருக்கிறார்கள். 1973-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் கிளப்புக்குக் கூட்டமும் இல்லை, காசும் இல்லை. அந்த ஆண்டு டிராஃப்டில் (கிளப்புகள் முறை வைத்துப் புதிய பையன்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் ஆளாக எடுத்த டேவிட் கிளைடுக்கு வயது 18. பள்ளிப் படிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. முதலாளி பாப் ஷார்ட் அவரைச் சில வாரங்களிலேயே, ஜூன் 27 அன்று, மேஜர் லீகில் இறக்கினார். மைதானம் நிரம்பி வழிந்தது. கிளைடு 7 பேட்டர்களை வாக் கொடுத்து (நான்கு முறை தப்பாக எறிந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இனாம்) அனுப்பினாலும் ஆட்டத்தை ஜெயித்தார். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு மைனர் லீகுக்குப் போவதாக முதலில் பேச்சு. டிக்கெட் விற்கிற பையனை யார் கீழே அனுப்புவார்கள்? தடுமாறினார், தோள் கெட்டது, 24 வயதில் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. 18 வெற்றி, 33 தோல்வி.

இன்னொரு கோடியில் மைக்கேல் ஜார்டன். 1994-இல், கூடைப்பந்தின் உச்சியிலிருந்து இறங்கி வந்து, பர்மிங்காம் பேரன்ஸ் என்ற டபுள்-ஏ அணியில் ஆடினார். தொடக்கத்தில் வரிசையாக 13 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். எதிரணி பிட்சர்கள் முட்டாள்களா என்ன? வேகப்பந்தை நிறுத்திவிட்டு, வளைந்து விழும் பந்துகளை எறியத் தொடங்கினார்கள். சீசன் முடிவில் 127 ஆட்டம், .202 சராசரி, 114 ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாவது). பலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பேஸ்பாலைத் தொடாத 31 வயதுக்காரர் டபுள்-ஏ பிட்சர்களை .202 அடித்தது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. எவ்வளவு பெரிய உடற்திறனும் பந்தைப் படிக்கும் கண்ணுக்கு ஈடாகாது. அந்தக் கண் ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்த பிறகு வருவது. அதற்குக் குறுக்கு வழி இல்லை.

பையன்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்?

இரண்டு வாசல்கள். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பையன்களுக்கு டிராஃப்ட். 1965-இல் தொடங்கியது; இப்போது 20 சுற்று. பள்ளி முடித்தவர்களும் கல்லூரி ஆட்டக்காரர்களும் இதில் வருவார்கள்.

மற்ற நாட்டுப் பையன்கள் 16 வயதிலேயே கிளப்போடு நேரடியாகக் கையெழுத்துப் போடலாம். டொமினிகன் குடியரசில் 30 கிளப்புகளுக்கும் அகாடமி இருக்கிறது. தங்கும் அறை, சாப்பாட்டுக்கூடம், ஆடுகளம், ஆங்கில வகுப்பு எல்லாம் ஒரே வளாகத்துக்குள். டாட்ஜர்ஸ் 1987-இல் திறந்த காம்போ லாஸ் பால்மாஸ் அவற்றில் பேர்பெற்றது. பேர்பெற்ற பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் அங்கே வளர்ந்தவர்.

இந்த வாசலின் இருட்டுப் பக்கத்தையும் சொல்லவேண்டும். கிளப்புக்கு முன்னாலேயே 'புஸ்கோன்' என்ற உள்ளூர்த் தரகர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து, பிற்பாடு வரும் ஒப்பந்தப் பணத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். பையன் படிப்பை விட்டிருப்பான். ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் அவனுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

அதிர்ஷ்டத்துக்கும் ஒரு கதை உண்டு. வெனிசுவேலாவில் ஹோசே அல்டுவே என்ற பையனை, குள்ளமாக இருக்கிறான் என்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கிளப்பின் தேர்வு முகாமில் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் திரும்ப வந்து நின்றான். 2007-இல் வெறும் 15,000 டாலருக்கு ஒப்பந்தம். 2017-இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவனுக்குத்தான்.

அங்கே உண்மையில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

முதலில், தினமும் ஆடக் கற்றுக்கொடுக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள் ஆட்டம், திங்கட்கிழமை ஓய்வு. டிரிபிள்-ஏயில் சீசனுக்கு 150 ஆட்டம். பள்ளியில் வாரம் இரண்டு முறை ஆடிய பையனுக்கு இந்த ஓட்டமே பெரிய பாடம். தூக்கம், சாப்பாடு, பேருந்துப் பயணம், நேற்று நாலு முறை அவுட்டானதை மறந்துவிட்டு இன்று களத்தில் நிற்பது, இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள்.

பிட்சர்களை எண்ணி எண்ணித்தான் எறியவிடுவார்கள். எத்தனை பந்து, எத்தனை இன்னிங்ஸ் என்று வரம்பு கட்டி, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். காரணம் முழங்கைத் தசைநார். அது அறுந்தால் 'டாமி ஜான் சர்ஜரி'. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்தப் பெயருடைய பிட்சருக்கு முதலில் செய்த அறுவை சிகிச்சை. திரும்ப எறிய ஓராண்டுக்கு மேல் ஆகும்.

இப்போது கருவிகளும் வந்துவிட்டன. பந்து நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது, விரலை விட்டுப் பிரியும் கணத்தில் பிடி எப்படி இருக்கிறது என்று ராடாரும் அதிவேக கேமராவும் காட்டுகின்றன. விரலை இம்மியளவு நகர்த்திப் புதிய ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) ஒன்றைக் கற்றுக்கொண்டு ஒரே குளிர்காலத்தில் ஆள் மாறி வருகிறார்கள். கருவி வந்ததால் கோச்சுக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. கார்டினல்ஸில் ஜார்ஜ் கிஸ்ஸெல் என்றொருவர் 1940-இல் ஆட்டக்காரராகச் சேர்ந்து, பிறகு கோச்சாகி, 2008-இல் இறக்கும்வரை அதே கிளப்பில் இருந்தார். மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. தலைமுறை தலைமுறையாக கார்டினல்ஸ் பையன்களுக்குக் காலை எங்கே வைப்பது, பந்தை யாருக்கு எறிவது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

எனக்குப் பிடித்த விஷயம் ஆளையே மாற்றி நடுவது. ஸ்டான் மியூசியல் 1938-இல் பிட்சராகச் சேர்ந்தவர். 1940-இல் டேடோனா பீச் அணியில் 18 வெற்றி எடுத்த பிறகு, பாய்ந்து பந்து பிடிக்கப்போய்த் தோளில் விழுந்தார். எறியும் கை போயிற்று. அடுத்த ஆண்டு அவரை பேட்டராக வைத்துக்கொண்டார்கள். கீழ்ப்படியான கிளாஸ்-சியில் தொடங்கி, ரோச்செஸ்டர் வழியாக, அதே 1941 செப்டம்பரில் மேஜர் லீகுக்கே வந்துவிட்டார். கடைசியில் 3,630 ஹிட். கென்லி ஜான்சன் கதை இதற்குத் தலைகீழ். குராசாவோ தீவுக்காரர், டாட்ஜர்ஸ் பண்ணையில் கேட்சர், பேட்டிங் வரவில்லை. ஆனால் அந்தக் கை! 2009-இல் பிட்சராக்கினார்கள், மறு ஆண்டே மேஜர் லீக். இன்று 400-க்கு மேல் சேவ் (ஆட்டத்தின் கடைசியில் வந்து அணியின் முன்னிலையைக் காப்பாற்றுவது) எடுத்த சிலரில் ஒருவர்.

அங்கே ஜெயிப்பது முக்கியமில்லையா?

ஆடுபவர்களுக்கு முக்கியம். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை. நன்றாக எறிந்துகொண்டிருக்கும் பிட்சரை எண்ணிக்கை முடிந்தது என்று ஐந்தாவது இன்னிங்ஸில் எடுத்துவிடுவார்கள். பட்டத்துக்கு ஆடும் அணியின் மூன்று பேரை ஒரே வாரத்தில் மேலே தூக்குவார்கள். உள்ளூர் ரசிகருக்கு எரிச்சல்தான்.

அதற்காக விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். 1981 ஏப்ரலில் பாவ்டக்கெட், ரோச்செஸ்டர் அணிகள் ஆடிய டிரிபிள்-ஏ ஆட்டம் வழக்கமான 9-க்குப் பதிலாக 32 இன்னிங்ஸ் ஓடி, விடிகாலை நாலு மணிக்குச் சமநிலையில் நிறுத்தப்பட்டது. கடுங்குளிரில் மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர். ஜூனில் தொடர்ந்தபோது 33-வது இன்னிங்ஸில் பாவ்டக்கெட் 3-2 என்று ஜெயித்தது. அந்த இரவு எதிரெதிரே ஆடிய வேட் பாக்ஸ், கால் ரிப்கென் ஜூனியர் இருவரும் இன்று பேஸ்பாலின் பெரும் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

சம்பளம் எவ்வளவு?

நெடுங்காலம் கேவலமாக இருந்தது. 2022 வரை சிங்கிள்-ஏ ஆட்டக்காரருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 11,000 டாலர், அதுவும் சீசன் நடக்கும் வாரங்களுக்கு மட்டும். ஒரே வாடகை வீட்டில் ஐந்தாறு பேர் காற்று மெத்தையில் படுத்துக்கிடப்பார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 2014-இல் தொடுத்த வழக்கு 2022-இல் 185 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. அந்த ஆண்டே பையன்கள் மேஜர் லீக் ஆட்டக்காரர் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம். சிங்கிள்-ஏ 26,200, டபுள்-ஏ 30,250, டிரிபிள்-ஏ 35,800 டாலர் என்று குறைந்தபட்சச் சம்பளம் உயர்ந்தது. தங்குமிடமும் கிளப் பொறுப்பு. அதே 2023-இல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். டிரிபிள்-ஏக்கும் மேஜர் லீகுக்கும் இடையே ஒரே ஒரு படிதான்!

'ஆப்ஷன்', '40 பேர் பட்டியல்', 'ரூல் 5' என்கிறார்களே?

கிளப் ஒன்று பையனைக் காலமெல்லாம் கீழேயே பூட்டிவைக்கக் கூடாது என்பதற்கான விதிகள் இவை. மேஜர் லீகில் ஆடத் தகுதியுள்ளவர்கள் என்று கிளப் 40 பேரைப் பட்டியலிடும்; அதில் 26 பேர் அணியில் இருப்பார்கள். மற்றவர்களைக் கீழே அனுப்ப 'ஆப்ஷன்' வேண்டும். ஒருவருக்கு பொதுவாக மூன்று சீசன்தான் அந்த வசதி. நாலைந்து ஆண்டாக வளர்த்த பையனை 40 பேரில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு கிளப் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர்கள் அவனை அடுத்த சீசன் முழுக்க மேஜர் லீக் அணியில் வைத்திருக்கவேண்டும்.

ரொபெர்ட்டோ கிளெமென்டே இதுபோல் கைமாறியவர்தான். 1954-இல் டாட்ஜர்ஸ் அவரை மான்ட்ரியலில் அதிகம் ஆடவிடாமல் வைத்திருந்தது. வேறு ஒரு பிட்சரைப் பார்க்கப்போன பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஸ்கவுட் (ஆள் தேடுபவர்) கிளைட் சுகஃபோர்த் கண்ணில் அவர் பட்டுவிட்டார். பைரேட்ஸ் அவரை எடுத்தது. அவர் சரியாக 3,000 ஹிட் அடித்தார். அப்போது பைரேட்ஸை நடத்தியவர் யார் தெரியுமா? அதே பிராஞ்ச் ரிக்கி. தான் பயிரிட்ட பழைய வயலிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

தயாரானவனையும் வேண்டுமென்றே கீழே வைத்திருப்பார்களா?

வைத்திருப்பார்கள். மேஜர் லீகில் ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடிந்தால்தான் ஆட்டக்காரர் விரும்பிய கிளப்புக்குப் போகலாம். 172 நாள் ஓர் ஆண்டு. கிரிஸ் பிரையன்ட் 2015 பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம்ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்தும் சிகாகோ கப்ஸ் அவரைக் கீழே அனுப்பியது. ஏப்ரல் 17-இல் மேலே அழைத்தது. அந்த ஆண்டு அவர் கணக்கில் 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் ஓர் ஆண்டு கூடுதலாக கப்ஸின் கையில். மூன்றாம் பேஸ் காவலராக அவருடைய தடுப்பாட்டத்தில் முன்னேற்றம் தேவை என்று காரணம் சொன்னார்கள். அவர் கொடுத்த புகார் 2020-இல் தள்ளுபடியானது. 2022 ஒப்பந்தத்தில், தயாரானவனை உடனே மேலே கொண்டுவரும் கிளப்புக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு என்று ஆசை காட்டியிருக்கிறார்கள்.

எத்தனை பேர் மேலே போவார்கள்?

கூட்டிப் பாருங்கள். ஒரு கிளப் உள்நாட்டு மைனர் லீகில் அதிகபட்சம் 165 பேரை வைத்திருக்கலாம். 30 கிளப்புக்கு 4,950. மேலே இருக்கும் இடம் 780. அந்த 780-லும் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

வெளியே சொல்லாத உண்மை ஒன்று உண்டு. ஒவ்வொரு அணியிலும் கிளப் உண்மையில் நம்பிக்கை வைத்திருப்பது சில பேர் மீதுதான். மற்றவர்கள், அந்தச் சிலர் ஆட ஒரு ஆட்டம் வேண்டுமே என்பதற்காக இருப்பவர்கள். அவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் ஆடுகிறார்கள்.

ஏனென்றால் விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழி இந்த ஆட்டத்தில் செல்லாது. மைக் பியாசாவை 1988-இல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக, அவர் அப்பாவின் நண்பரும் டாட்ஜர்ஸ் மேனேஜருமான டாமி லசோர்டாவுக்குச் செய்யும் மரியாதையாகத்தான் டாட்ஜர்ஸ் எடுத்தது. 2016-இல் அவர் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். முளையிலேயே தெரிந்துவிடும் என்றால் நாற்றங்கால் எதற்கு? 30 பேரை மட்டும் எடுத்து நட்டுவிட்டுப் போகலாமே.

2021-இல் அணிகளைக் குறைத்தது சரியா?

பயிற்சி, தங்குமிடம், பயணம் மேம்பட்டது உண்மை. ஏறக்குறைய நாற்பது ஊர்கள் தங்கள் அணியை இழந்ததும் உண்மை. பியாசா எடுக்கப்பட்டது போன்ற 62-வது சுற்று இப்போது கிடையாது. எனக்கு இதில் வருத்தம்தான்.

மைனர் லீக் எண்களை எப்படிப் படிப்பது?

முதலில் வயதைப் பாருங்கள். டபுள்-ஏயில் 20 வயதுப் பையன் .250 அடிப்பது, அங்கேயே 26 வயதுக்காரர் .300 அடிப்பதைவிடப் பெரிய செய்தி. அடுத்தது ஊர். ஆல்புகெர்க்கி போன்ற உயரமான, வறண்ட ஊர்களில் பந்து பறக்கும். ஆல்புகெர்க்கி அணி ஆடும் பசிபிக் கோஸ்ட் லீகின் ஹோம்ரன்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்கவேண்டும். பேட்டரிடம் வாக்கும் ஸ்ட்ரைக்அவுட்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது சராசரியைவிட அதிகம் பேசும்.

இந்தியர் யாராவது இதில் ஆடியிருக்கிறார்களா?

2008-இல் இந்தியாவில் நடந்த ஒரு பந்தெறியும் போட்டியில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இருவரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் பையன்கள், பேஸ்பாலை அதற்குமுன் தொட்டதில்லை. 2009-இல் கீழ்ப்படியான கல்ஃப் கோஸ்ட் லீகில் ஆடினார்கள். படேலை மறு ஆண்டே விடுவித்தார்கள். ரிங்கு வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிவரை ஏறினார், காயம் நிறுத்தியது. பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

தாய்வழியில் இந்திய வேர் உள்ள குமார் ராக்கர், 2022 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக ரேஞ்சர்ஸுக்கு வந்து, நடுவில் டாமி ஜான் சர்ஜரி முடிந்து, 2024 செப்டம்பரில் மேஜர் லீகில் எறிந்தார்.

இன்னொருவர் அர்ஜுன் நிம்மலா. ஃபுளோரிடாவில் பள்ளியில் படித்தவர், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்), பெற்றோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். 2023-இல் டொராண்டோ புளூ ஜேஸ் அவரை முதல் சுற்றில், 20-வது ஆளாக எடுத்தது. 2025-இல் வான்கூவர் கனேடியன்ஸ் அணிக்கு ஹை-ஏயில் ஆடினார். எண்களைப் பார்க்கும்போது மேலே சொன்னதை மறக்கவேண்டாம்: அவர் பிறந்தது 2005 அக்டோபரில். எதிரே நின்று எறிந்தவர்களில் பலர் கல்லூரி முடித்துவிட்டு வந்தவர்கள்.